ஹோமரின் பத்திரிகை வருடங்களை ஒரே வரியில் தாண்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடல் ஓவியங்களை நல்ல வண்ணத்தில் போட்டிருந்தீர்கள், கட்டுரையாளரும் அந்த ஓவியங்களை உண்மையாகவே நேசிப்பவர் என்பது ஒவ்வொரு பத்தியிலும் தெரிந்தது. ஆனால் அவர் பத்திரிகைகளுக்குப் படம் போட்ட காலத்தை மட்டும் ‘ஆரம்பத்தில் வயிற்றுப்பாட்டுக்காகப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நேராக மெய்ன் கடற்கரைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வரி இரண்டு நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நானும் பல வருடம் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்டவன், ‘படம் போடுகிறவர்’ என்பது ‘ஓவியர்’ என்பதற்கு ஒரு படி கீழே என்று எல்லோரும் எடுத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். மற்றவர்கள் விஷயத்தில் அது எப்படியோ, ஹோமர் விஷயத்தில் அது தப்பு. அவருக்கு ஓவியக் கல்லூரி என்று ஒன்று இருந்திருந்தால் அது பத்திரிகைதான், 1857 முதல் 1875 வரை அங்கே பழகிய கையும் கண்ணும்தான் கடைசி வரை அவர் கடலையும் வரைந்தன.

முதலில் அந்த ‘வயிற்றுப்பாடு’. ஹோமர் 1836 பிப்ரவரி 24 அன்று பாஸ்டனில் பிறந்தவர். அம்மா ஹென்ரியெட்டா நீர்வண்ணத்தில் நன்றாக வரைவார், பையனுக்கு முதல் பாடம் அவரிடம்தான். அப்பா வியாபாரி, 1849-ல் ஊரே தங்கம் தேடி கலிஃபோர்னியாவுக்கு ஓடியபோது அவரும் போய் வெறுங்கையோடு திரும்பினார். மகனுக்குப் பத்தொன்பது வயதானபோது பாஸ்டனில் ஜே. எச். பஃபர்ட் என்பவருடைய கல்லச்சுக் கூடத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். பாட்டு அச்சிட்ட தாள்களுக்கு அட்டைப்படம் போடுவது மாதிரியான வேலைகள், நாள் முழுக்கக் கல்லின் மேல் குனிந்தபடி. அதை அவர் பின்னால் அடிமைத்தனம் என்றே சொன்னார். இருபத்தொரு வயது முடிந்ததும் வெளியே வந்துவிட்டார். அந்தக் கல்லிலிருந்து மூக்கை எடுத்த நாள்முதல் எனக்கு எஜமானன் என்று யாரும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது.

வெளியே வந்து பாஸ்டனில் பாலூஸ் பத்திரிகைக்கும், நியூயார்க்கில் அதே 1857-ல் தொடங்கியிருந்த ஹார்ப்பர்ஸ் வீக்லிக்கும் படங்கள் அனுப்ப ஆரம்பித்தார். 1859-ல் நியூயார்க்குக்கே குடிபோனார். அப்போது ஹார்ப்பர்ஸ் அவரை மாதச் சம்பளத்துக்கு வரும்படி கூப்பிட்டது. அவர் மாட்டேன் என்றார். வயிற்றுப்பாடு மட்டும்தான் நோக்கம் என்றால் நாட்டிலேயே பெரிய படப்பத்திரிகை கொடுக்கும் நிரந்தர வேலையை இருபத்துச் சொச்சம் வயதில், கையில் சேமிப்பு இல்லாத ஒருவர் ஏன் மறுக்க வேண்டும்? படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, எதை வரைவது என்பதைக் கூடியவரை தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த பதினைந்து பதினாறு வருடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் அவர் பெயரில் அச்சாகின.

அந்தக் காலத்தில் பத்திரிகைப் படம் எப்படித் தயாரானது என்று தெரிந்துகொண்டால்தான் நான் சொல்வது பிடிபடும். புகைப்படம் இருந்தது, ஆனால் அதை எழுத்தோடு சேர்த்துப் பத்திரிகைத் தாளில் அச்சிடும் வழி இன்னும் வரவில்லை. எல்லாமே மரச்செதுக்குதான். அதற்குப் பாக்ஸ் என்ற மரத்தைத்தான் பயன்படுத்துவார்கள், இழை அவ்வளவு நெருக்கம், ஆனால் மரம் பருமனாக வளராது. அதனால் சின்னச் சின்னத் துண்டுகளைப் பின்பக்கம் போல்ட் போட்டு முறுக்கி ஒரே பலகையாக்குவார்கள். இரண்டு பக்கம் விரியும் படம் என்றால் துண்டுகள் நிறைய. பலகையின் மேல் வெள்ளை பூசி, ஓவியர் அதன் மேலேயே இடது வலது மாற்றி வரைவார். அப்புறம் போல்ட்டைக் கழற்றித் துண்டுகளைச் செதுக்குபவர்களிடம் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள், ஒருவர் வானம், ஒருவர் குதிரையின் தலை, ஒருவர் அதே குதிரையின் பின்னங்கால். மறுபடி சேர்த்து இறுக்கி, இணைப்புக் கோடு தெரியாமல் சரிசெய்து, அதிலிருந்து உலோகத் தகடு எடுத்து அச்சுக்குப் போகும். சில படங்களை இன்றைக்கும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் துண்டுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும், எனக்கு அதைத் தேடிப் பார்ப்பதே ஒரு தனி சந்தோஷம்.

இப்படி நாலைந்து பேர் கை படும் வேலையில் ஓவியர் என்னதான் நுணுக்கமாகச் சாயல் கொடுத்தாலும் அது அச்சில் வந்து சேராது. எது தப்பிப் பிழைக்கும் என்றால் பெரிய வடிவம், வெளிக்கோடு, வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு எங்கே உட்கார்கிறது என்பது, ஒரு மனிதன் நிற்கிற நிலையிலேயே அவன் என்ன நினைக்கிறான் என்று தெரிவது. முகத்தை நம்ப முடியாது, முதுகை நம்பலாம். ஹோமரின் பெரிய ஓவியங்களில் பாதி ஆட்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டோ முகம் மறைந்தோதான் இருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பழக்கத்தை நான் இந்த மரப்பலகையிலிருந்து வந்ததாகத்தான் பார்க்கிறேன்.

சரி, போர். 1861 மார்ச்சில் லிங்கன் பதவியேற்றதை வரைய ஹார்ப்பர்ஸ் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பியது. அடுத்த மாதமே வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் நடுவில் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. 1862 வசந்தத்தில் வடக்கின் பொடோமாக் படையோடு வர்ஜீனியாவின் யார்க்டவுன் முற்றுகைக்குப் போனார். தொடர்ந்து சில நாள் சாப்பாடில்லாமல் இருந்திருக்கிறார், முகாமில் சுற்றியிருந்தவர்கள் டைஃபாய்டில் விழுந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது நெருங்கிய நண்பர்களுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை என்று அம்மா கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் மேல் பிரதி போகிற பத்திரிகைக்காகப் போனவர் அவர், வடக்கே வீடுகளில் இருந்தவர்கள் போர்முனையைக் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் அவரைப் போன்றவர்கள் வரைந்த செதுக்குப் படங்களில்தான்.

அந்தப் படங்கள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. 1862 ஜூலையில் வந்த குதிரைப்படைப் பாய்ச்சலும் துப்பாக்கிமுனைக் கத்திப் பாய்ச்சலும் அன்றைய எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த மாதிரியான ஆரவாரப் படங்கள்தான். 1861 கடைசியில் பொடோமாக் கரை முகாம் நெருப்பைச் சுற்றி வீரர்கள் உட்கார்ந்திருக்கும் படத்தில் ஒரு கறுப்பினத்தவர் ஆடுகிறார், அந்த உருவம் அந்தக் காலத்துக் கேலிச் சித்திர அச்சிலேயே வார்த்தது, இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அதே ஆள் போர் முடிந்த கையோடு, தெற்கின் போர்க்கைதி முகாம் இருந்த ஆண்டர்சன்வில் பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண் வீட்டு வாசலில் நின்றபடி கைதிகளாக இழுத்துச் செல்லப்படும் வடக்குப் படையினரைப் பற்றி யோசிக்கும் ஓவியத்தை வரைகிறார். 1876-ல் பழைய எஜமானி ஒருத்தி விடுதலையான பெண்களின் குடிசைக்கு வந்து நிற்கும் ஓவியம், எதிரெதிரே நிற்கும் அந்தப் பெண்களுக்கு நடுவில் விட்ட இடைவெளியிலேயே எல்லாம் இருக்கிறது, யாரும் சிரிக்கவில்லை, யாரும் குனியவில்லை. பத்து பதினைந்து வருடத்தில் ஒரு மனிதன் பார்க்கக் கற்றுக்கொண்டது அது. அவருடைய பத்திரிகைப் படங்களைப் பக்கத்தில் வைக்காவிட்டால் அவர் எங்கிருந்து எங்கே வந்தார் என்பதே தெரியாமல் போய்விடும்.

1862 நவம்பர் 15 ஹார்ப்பர்ஸ் இதழில் வந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பைன் மரக்கிளையில் ஒரு வீரன் உட்கார்ந்திருக்கிறான், கிளையில் துப்பாக்கியைத் தாங்கி, தொலைநோக்கி பொருத்திய குழாயில் கண்ணை வைத்துக் குறிபார்க்கிறான். குறி யார் என்று படத்தில் இல்லை. அவன் பதற்றப்படவும் இல்லை, மரத்தில் ஏறி உட்கார்ந்து வேலையைச் செய்யும் ஓர் ஆள், அவ்வளவுதான். படத்தின் கீழே, ஹோமர் வரைந்த ஓவியத்திலிருந்து எடுத்தது என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எண்ணெய் வண்ண ஓவியம் இப்போது மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவருடைய முதல் எண்ணெய் வண்ண ஓவியமாக எண்ணப்படுவது அதுதான். அதாவது பத்திரிகைப் படமும் முதல் ஓவியமும் ஒரே பிரசவம். எது வயிற்றுப்பாடு, எது கலை என்று அங்கே கோடு கிழிப்பது எப்படி?

இதற்கு ஒரு பின்கதை உண்டு. முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து 1896-ல் ஒரு பழைய போர்வீரருக்கு எழுதிய கடிதத்தில் ஹோமர் அந்த நாளைச் சொல்கிறார். 1862 ஏப்ரலில் யார்க்டவுனில் அப்படி ஒரு துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாக அவரே பார்த்திருக்கிறார். பார்த்தது எப்படி இருந்தது என்று கடிதத்திலேயே சின்னதாக ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்குக் கோடுகளுக்கு நடுவில் ஒரு மனிதனை வரைந்தும் காட்டியிருக்கிறார். படைக்குள் நான் பார்த்ததில் கொலைக்கு இவ்வளவு கிட்ட வருவது வேறு எதுவும் இல்லை, மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் அந்தப் பிரிவைக் கண்டாலே எனக்கு எப்போதும் ஒரு பயங்கரம் என்கிற மாதிரி எழுதுகிறார். இருபத்தாறு வயதில் பார்த்தது அறுபது வயதிலும் கண்ணிலேயே நின்றிருக்கிறது. பத்திரிகை அங்கே அனுப்பியிருக்காவிட்டால் அந்தக் குழாய்க்குள் அவர் பார்த்திருக்கப்போவதே இல்லை.

போர் முடிந்த 1865-ல் வரைந்த ‘புதிய வயலில் பழைய வீரன்’ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவன் நமக்கு முதுகைக் காட்டி முற்றிய கோதுமையை நீண்ட பிடி போட்ட அரிவாளால் வீசி அறுக்கிறான், ஓரத்தில் அவனுடைய ராணுவச் சட்டையும் தண்ணீர்க் குடுவையும் கிடக்கின்றன. முதலில் அறுத்த கதிரைச் சேர்த்து ஏந்தும் சட்டம் வைத்த அன்றைய புது மாதிரி அரிவாளைத்தான் வரைந்திருந்தார், அப்புறம் அதன் மேல் வண்ணம் பூசி, ஒற்றை அலகு கொண்ட பழைய அரிவாளாக மாற்றினார், மறைத்த கோடுகள் இப்போதும் மங்கலாகத் தெரிகின்றன. உழவுக்காரர்கள் பார்த்தால் காலத்துக்கு ஒத்துவராது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒற்றை அலகு அரிவாள் மேற்கத்தியப் படங்களில் எமன் கையில் இருக்கும் அடையாளம் என்பது அன்றைய அமெரிக்க வாசகர் எல்லோருக்கும் தெரியும், லிங்கன் சுடப்பட்டு சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரே ஒரு பொருளை மாற்றி முழுப் படத்தின் பொருளையே மாற்றுவது, அதுவும் எழுத்தே இல்லாமல் சாதாரண ஆளுக்கும் புரியும்படி மாற்றுவது, வாராவாரம் லட்சம் வீடுகளுக்குப் படம் சொன்னவருடைய புத்தி. அடுத்த வருடம் வந்த ‘போர்முனையிலிருந்து வந்த கைதிகள்’ அவரைப் பெரிய பெயராக்கியது, 1867-ல் பாரிஸ் உலகக் கண்காட்சி வரைக்கும் போனது. அதில் இருக்கும் பார்லோ என்ற அதிகாரி ஹோமர் போர்முனையில் நேரில் பழகியவர்.

பாரிஸிலும் அவர் சில மாதம் இருந்தார், அதை விட்டுவிடுவோம். 1872-ல் வரைந்த ‘சவுக்கு விளையாட்டு’க்கு வருகிறேன், அதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் முன்னால் வெறுங்காலோடு பையன்கள் கைகோத்து ஓடுகிறார்கள், ஒரு முனை சட்டென்று நிற்க மறுமுனையில் இருப்பவர்கள் தெறித்து விழுகிறார்கள். 1873 செப்டம்பரில் ஹார்ப்பர்ஸ் இதை இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டது. ஒரு வரைவில் பின்னால் மலை இருக்கும், இன்னொன்றில் மலையை எடுத்துவிட்டு வெறும் வானம். ஓவியம், மறுபடி ஓவியம், அப்புறம் செதுக்கு என்று ஒரே விஷயத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பத்திரிகையை அவர் பரிசோதனைக்கூடமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அதே 1873 கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளௌஸ்டர் துறைமுகத்தில் நீர்வண்ணத்தைத் தீவிரமாகக் கையில் எடுத்தார். இரண்டு வருடத்தில் அது விற்க ஆரம்பித்ததும் 1875-ல் பத்திரிகை வேலையை நிறுத்திக்கொண்டார். பத்திரிகையை ஒரு கட்டத்தில் அவர் விட்டார் என்பதை நான் மறுக்கவில்லை, பதினெட்டு வருடம் கெடுவுக்கு ஓடியவருக்கு அலுத்திருக்கும்தான். 1881-ல் இங்கிலாந்தின் வடகடல் ஓரத்தில் கல்லர்கோட்ஸ் என்ற மீனவக் கிராமத்துக்குப் போய் இருபது மாதம் போலத் தங்கினார். அங்கே ஆட்களுக்கு உடம்பில் ஒரு கனம் வந்தது, கூடை சுமக்கும் பெண்கள் கோயில் சிற்பம் மாதிரி நிற்கிறார்கள். 1883-ல் மெய்ன் மாநிலத்தின் ப்ரௌட்ஸ் நெக் என்ற பாறை முனைக்குக் குடிபோனார், வண்டிக் கொட்டகையை ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டு கடைசி வரை அங்கேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உங்கள் கட்டுரை தொடங்குவதே இங்கேதான்.

ஆனால் இங்கே வந்த பிறகும் அவர் வரைந்தது என்ன? 1884-ன் ‘உயிர்க்கயிறு’. உடைந்த கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கயிறு கட்டி, அதில் தொங்கவிட்ட மிதவையில் ஒருவன் மயங்கிய பெண்ணை அணைத்தபடி வருகிறான். அவன் முகத்தைச் சிவப்புத் துணி காற்றில் பறந்து மறைத்திருக்கிறது. கடல் மீட்புப் படையினர் அப்படி ஆட்களைக் காப்பாற்றுவது அன்றைய பத்திரிகைச் செய்தி. கப்பலும் கரையும் ஓரங்களில் மங்கலாகத்தான் தெரிகின்றன, நடுக்கணத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார். 1885-ன் ‘பனிமூட்ட எச்சரிக்கை’யும் அப்படித்தான், படகில் பெரிய மீன்களோடு தனியாக ஒருவன், தூரத்தில் தாய்க்கப்பல், அடிவானத்தில் எழும்பும் மூட்டம். அவன் போய்ச் சேர்வானா என்று நமக்குத் தெரியாது. ஒரு கணத்தைப் பிடித்து முன்னையும் பின்னையும் வாசகரே போட்டுக்கொள்ளும்படி விடுவது, கதைக்குப் படம் போட்ட ஒவ்வொருவரும் நாளும் செய்து பார்க்கும் காரியம். ஹோமர் அளவுக்கு அதைச் செய்தவர் யாரும் இல்லை.

இதில் என்னை மிகவும் தொடுவது விளக்கம் பற்றிய அவருடைய பிடிவாதம். பதினெட்டு வருடம் அவர் படங்களுக்குக் கீழே எப்போதும் எழுத்து இருந்தது. 1899-ல் ‘வளைகுடா நீரோட்டம்’ வரைந்தார், பாய்மரம் முறிந்த சின்னப் படகில் ஒரு கறுப்பின மனிதர், சுற்றிலும் சுறா, ஒரு பக்கம் நீர்ச்சுழல் தூண், மிகத் தொலைவில் ஒரு கப்பல். அந்த மனிதருக்கு என்ன ஆகும் என்று கேட்டு ஆட்கள் படம் விற்பவரைத் துளைத்தபோது, விளக்கம் தேவைப்படும் ஒரு படத்தை வரைந்ததற்கு வருந்துகிறேன் என்று பதில் எழுதினார், அந்த நீரோட்டத்தை நான் பத்து முறை கடந்திருக்கிறேன், எனக்கு அதைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தார். வாழ்க்கை வரலாறு எழுத வந்தவரிடமும் 1908-ல் அதே கதவடைப்புதான், என் வாழ்க்கையில் சுவாரசியமான பகுதி பொதுமக்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று மறுத்துவிட்டார். படமே பேச வேண்டும் என்பது அவர் படக்குறிப்புகளோடு பல வருடம் குடித்தனம் நடத்திவிட்டு வந்து சேர்ந்த முடிவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1909-ல், இறப்பதற்கு முந்தைய வருடம், அவர் ‘வலதும் இடதும்’ என்று ஓர் ஓவியம் வரைந்தார், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சாம்பல் நிற அலைகளுக்கு மேல் இரண்டு வாத்துகள், ஒன்று மேலே எழும்புகிறது, ஒன்று தலைகீழாக விழுகிறது. பறவைகளின் உயரத்தில் நின்றுதான் நாம் பார்க்கிறோம். அலைக்கு நடுவில் தேடினால் ஒரு படகும் ஆளும், துப்பாக்கியிலிருந்து சின்னதாக ஒரு சிவப்புப் பொறியும் தெரியும், துப்பாக்கி நம் பக்கமாகத்தான் நீட்டியிருக்கிறது. மரக்கிளையில் உட்கார்ந்து குறிபார்த்தவனை வரைந்தவர் நாற்பத்தேழு வருடம் கழித்து குறிக்கு உள்ளானதன் இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார். அடுத்த தடவை ஹோமரைப் பற்றி உங்கள் இணைப்பில் எழுதும்போது 1862 நவம்பர் 15 பத்திரிகைப் படத்தையும் 1909 ஓவியத்தையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் போடுங்கள். தலைப்பும் வருடமும் போதும், கீழே விளக்கம் எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பல வருடம் பத்திரிகைகளுக்குப் படம் போட்ட உங்கள் வாசகன்